கதவைத் தட்டினால் எழும்புகிறவர்கள்: திருகோணமலையின் தொண்டர் கடல்மீட்புக்கு இனி என்ன வழி?

விடியற்காலை ஐந்து மணிக்குக் கரை சேர வேண்டிய படகு ஏழு மணியாகியும் வரவில்லையென்றால், திருக்கடலூர்க் கரையில் யாரும் உடனே தொலைபேசியைத் தேடுவதில்லை. முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். பிந்தி வந்த படகுக்காரரிடம், இரவு எந்தப் பக்கம் விளக்குத் தெரிந்தது, எவ்வளவு ஆழத்தில் வலை விட்டிருந்தார்கள் என்று விசாரிப்பார்கள். எட்டு மணிக்குள் இரண்டு படகுகள் தண்ணீரில் இறங்கிவிடும். யார் போவது என்று கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. இரவு முழுவதும் தொழில் செய்து அப்போதுதான் கரைக்கு வந்தவர், வலையில் மாட்டிய மீனைக்கூடக் கழற்றாமல், பக்கத்துப் படகின் தாங்கியில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயைக் குழாய் போட்டு வாயால் இழுத்துத் தன் கலனில் நிரப்பிக்கொண்டிருப்பார். வராத படகின் வீட்டுப் பெண்கள் ஈரமணலுக்கு வருவதில்லை. வாடியின் ஓரத்தில், கிடுகைப் பிடித்தபடி நிற்பார்கள். அவர்களோடு நிற்பதற்கும் ஆள் வேண்டும். அதையும் ஊரே பார்த்துக்கொள்ளும்.

கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகப் பொலிசுக்கும் கடற்படைக்கும் செய்தி போகும்போது, முதல் படகு கரைக்கு வெளியே கண்ணுக்கு மறைந்திருக்கும்.

இது ஒரு மீட்புச் சேவை. பெயர்ப்பலகை இல்லை, சீருடை இல்லை, வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. ஆனாலும் திருகோணமலையின் நீண்ட கரையில், புல்மோட்டையிலிருந்து வெருகல் வரைக்கும், கடலில் ஆள் தவறினால் முதலில் போய்த் தேடுகிறவர்கள் இவர்கள்தான். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூன்று சமூகத்தாரின் வாடிகளும் இந்தக் கரையில் உண்டு; தேடப் போகும் படகில் அந்தக் கணக்கு இல்லை. இந்தச் சேவை இன்னும் இருபது ஆண்டுகளுக்கு இருக்குமா என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற கேள்வி. இது நிலைக்க வேண்டும் என்பதிலும், நிலைக்க வைக்க முடியும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஏன் இவர்களே தேவை, பெரிய கப்பல் வைத்திருக்கிற கடற்படை போதாதா என்று கேட்பவர்களுக்குச் சிறிய கணக்கு ஒன்றைச் சொல்லலாம். இயந்திரம் நின்றுபோன படகு மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறது, திசை தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் தேட வேண்டிய வட்டம் ஏறக்குறைய 12.6 சதுர கிலோமீற்றர். மூன்று மணி நேரத்தில் அது 113 ஆகிறது. ஆறு மணி நேரத்தில் 452. பன்னிரண்டு மணி நேரம் கடந்தால் 1,800 சதுர கிலோமீற்றருக்கு மேல். திருகோணமலை மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 2,727 சதுர கிலோமீற்றர்தான். நேரம் இரட்டித்தால் தேடும் பரப்பு நான்கு மடங்காகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு சிறிய படகுகள் செய்யக்கூடிய வேலையை, மறுநாள் விமானமும் கப்பலும் சேர்ந்து செய்ய வேண்டியதாகிவிடுகிறது. கரையில் நிற்பவரைத் தவிர வேறு யாராலும் அந்த முதல் மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது.

நம் கடலுக்கு ஒரு சலுகை உண்டு. தண்ணீர் குளிர்ந்ததல்ல. வட ஐரோப்பாவின் குளிர்கடலில் விழுந்தவருக்குப் பல சமயம் நிமிடக்கணக்கில்தான் அவகாசம். இங்கே மிதக்க ஏதாவது கிடைத்தால் ஒருவர் ஒரு நாளுக்கும் மேலாகத் தாக்குப்பிடிக்கலாம். கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் உதடு வெடித்து, குடிக்க நீரில்லாமல் இருந்தவர்கள் உயிரோடு திரும்பியதுண்டு. அதனால்தான் இங்கே தேடுதலைச் சீக்கிரம் கைவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். மிதப்பவர் பெரும்பாலும் உயிரோடுதான் இருப்பார். அவர் இருக்கும் இடம்தான் நமக்குத் தெரிவதில்லை.

அந்த இடத்தை ஊகிப்பதில்தான் உள்ளூர் அறிவின் பெறுமதி தெரியும். திருகோணமலைக்கு வெளியே கடல் மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே போகும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு, கரைக்கு மிக அருகிலேயே செங்குத்தாக இறங்குகிறது. நீலத் திமிங்கிலங்கள் கரையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருவதும் அதனால்தான். கரையோர நீரோட்டமோ பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. காற்றும் அப்படியே. ஐப்பசி முதல் தை வரை வாடை கரையை நோக்கி அடிக்கும். அலை உயரும், கடல் கொந்தளிப்பது கண்ணுக்கே தெரியும், ஆட்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறையும் காலம் அது. கரையோரம் குளத்து நீர் போல் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியை நம்பி, காற்றடைத்த மிதவையில் பிள்ளையை உட்கார்த்திவிட்டுத் தகப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள், மிதவை நீந்தி எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். இயந்திரம் பழுதான சிறு படகையும் அதே காற்று வெளிக்கடலுக்குத் தள்ளும். வாடையில் தவறிய படகைக் கரைப்பக்கமாகவும் தெற்கிலும் தேடுவதா, கச்சானில் தவறியதைக் கிழக்கே வெளியில் தேடுவதா என்பதைத் தொழிலில் பழுத்த மண்டாடி, அதாவது மீன்பிடித் தலைவர், ஒருவர் கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு முதியவர் தேங்காய் மட்டை ஒன்றைப் படகின் ஓரமாக நீரில் போட்டு, அது விலகிப் போகும் வேகத்தைத் தன் மூச்சை எண்ணிக் கணித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மட்டை போன திசைக்கும் காற்று வீசிய திசைக்கும் நடுவில் ஒரு கோட்டைக் கையால் காட்டினார். உலகெங்கும் மீட்பு நிலையங்களில் கணினி செய்கிற கணக்கின் மூலமும் அதுவே: நீரோட்டம் ஒன்று, காற்றின் தள்ளல் ஒன்று, இரண்டையும் கூட்டு.

ஆபத்து வெளிக்கடலில் மட்டும் இல்லை. மகாவலி கடலில் கலக்கிற மாவட்டம் இது. ஆறும் களப்பும் கடலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், மக்களை ஏற்றிப்போன இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அன்றே ஆறு உயிர்கள் போயின, அவர்களில் நால்வர் சிறுவர்கள். கரையில் நின்றவர்கள் உடுத்த உடையோடு குதித்துத்தான் மற்றவர்களைத் தூக்கினார்கள். தூரம் எதுவும் இல்லாத இடம் அது, இக்கரையிலிருந்து கூப்பிட்டால் அக்கரைக்குக் கேட்கும். அப்படியிருந்தும் ஆறு பேர். மிதப்பு அங்கி என்ற ஒன்று அந்தப் பிள்ளைகளின் உடலில் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடல் இந்தக் கரைக்குள் ஏறியபோதும் இதுதான் நிலைமை. கிண்ணியா வைத்தியசாலையே அலைக்குள் போனது. உதவிக்கு வர வேண்டிய இடங்களே நீரில் மூழ்கியிருந்த அந்த முதல் மணிநேரங்களில், பக்கத்து வீட்டாரே பக்கத்து வீட்டாரைத் தூக்கினார்கள். கடைசியாக 2025 நவம்பர் இறுதியில், நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட டித்வா புயலின்போது மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கத்து ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. கடலுக்குப் போகிற படகு வயலுக்குள் போக வேண்டிய காலமும் வந்துவிட்டது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சுழியோடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சங்கும் கடலட்டையும் எடுக்கிற தொழில் அவர்களுடையது. ஆற்றிலோ குளத்திலோ ஒருவர் மூழ்கினால் ஊர் தேடிப்போவது அவர்களைத்தான். கலங்கிய நீருக்குள் கண் பயன்படாது. கையால் சேற்றைத் தடவித் தடவிப் போய், மூழ்கியவரின் உடலைத் தொடுகிற வேலை அது. எடுத்து வந்து, துணியால் மூடி, உறவினரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அன்றிரவு எப்படி உறங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இனி அரசின் பக்கம். இங்கே பலர் நினைப்பதைவிட அதிகமாகவே ஏற்பாடுகள் உண்டு. இலங்கையின் தேடல், மீட்புப் பொறுப்புக்கு உட்பட்ட கடற்பரப்பு 17 இலட்சத்து 78 ஆயிரம் சதுர கிலோமீற்றர். நாட்டின் நிலப்பரப்பைப் போல் 27 மடங்கு. கடலோரப் பாதுகாப்புத் திணைக்களம், மக்கள் வாயில் ‘கோஸ்ட் கார்ட்’, 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கடற்கரை உயிர்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் திருகோணமலையில்தான் இருக்கிறது. இந்தியா 2022 ஓகஸ்ட் 15 அன்று கையளித்த டோர்னியர் கண்காணிப்பு விமானத்துக்கு இங்குள்ள சீனக்குடா விமானத்தளமே இருப்பிடமானது. கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் கடல்மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்று இந்திய நிதியுதவியோடு 2024 ஜூனில் திறக்கப்பட்டது. அம்பாந்தோட்டையில் அதன் துணை நிலையம். அதோடு இணைந்த ஆளில்லாத் தொடர்புக் கோபுரங்கள் ஏழு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு நம் மாவட்டத்தில், திருகோணமலையிலும் கல்லாறவையிலும். மாவட்டத்துக்குக் கிடைத்த நல்ல விடயங்கள் இவை. குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தக் கோபுரம் கேட்கிற மொழி வேறு, கரையின் மொழி வேறு. கடல்வானொலியின் பதினாறாம் அலைவரிசையில் வருகிற அபாய அழைப்பை அது வாங்கும். எங்கள் சிறிய கண்ணாடிநார்ப் படகுகளில் பெரும்பாலானவற்றில், பேசவும் கேட்கவும் கூடிய அந்த வானொலி இல்லை. பலநாள் படகுகளுக்கு, 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த தடையை நீக்கும் முயற்சியில், செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. ஒருநாள் தொழில் செய்யும் சிறு படகு அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. அதில் இருப்பது கைத்தொலைபேசி, பொலித்தீன் பையில் சுற்றியது. கரையிலிருந்து சில மைல் போனதும் அதுவும் ஊமையாகிவிடும்.

வானொலி கிடைத்தாலும் சிக்கல் தீராது. கடற்றொழிலாளி இடத்தைச் சொல்வது கரையின் அடையாளங்களை வைத்து. சுவாமி மலை ஒரு மரத்துக்கு நேராக வருகிறது, புறாமலை இன்னொரு முனையை மறைக்கிறது என்றால், அவருக்கும் அவரது ஊராருக்கும் அது துல்லியமான புள்ளி. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேட்பதோ அகலாங்கு, நெட்டாங்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகிற ஆள் நடுவில் வேண்டும். அந்த ஆளுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா? பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990 என்று இலக்கங்கள் இருக்கின்றன. பதறிப்போய் அழைக்கிற தாய்க்கு, மறுமுனையில் இருப்பவர் தன் மொழியில் பேசுகிறவரா என்பதே முதல் பயமாக இருந்தால், கணக்கில் சொன்ன அந்த வட்டம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

இதைவிடக் கடினமான விடயம் ஒன்று உண்டு, நேராகவே சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடலில் தொழிலுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. தூரத்துக்கும் நேரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. இரவில் விளக்கில்லாமல் போகிற படகு சந்தேகத்துக்குரியது என்று ஒரு தலைமுறையே படித்துக்கொண்டது. போர் 2009இல் முடிந்தது. அந்தப் பழக்கம் இரண்டு பக்கத்திலும் இன்னும் முழுதாக முடியவில்லை. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, படகேறி அவுஸ்திரேலியா போகப் புறப்பட்டவர்களைக் கடற்படை கிழக்குக் கடலில் அடிக்கடி மறித்தது. ஆகவே, நள்ளிரவில் நான்கு இளைஞர்கள் பெரிய இயந்திரத்தோடும் வானொலியோடும் துறைமுக வாய்க்கு வெளியே நின்றால், அவர்கள் யாரையோ தேடப் போகிறார்கள் என்று முதலில் நம்புவது யாருக்கும் எளிதல்ல. வானொலி வைத்திருக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். தொண்டர் சேவைக்குப் பதிவும், அடையாளமும், கடற்படையோடு முன்கூட்டியே பேசிவைத்த நடைமுறையும் தேவை என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரவில் புறப்படும்போது யாருக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும், எந்த நிற விளக்கைக் காட்ட வேண்டும் என்பது பகலில் தீர்ந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை உருவாக முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிங்கியா அகதிகளோடு படகொன்று முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்து வந்தது. முதலில் கண்டவர்கள் முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்றொழிலாளர். உணவும் நீரும் முதலில் கொடுத்தவர்களும் ஊர்மக்களே. பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அஷ்ரப் இறங்குதுறையில் இறக்கியது. கண்ணும் கையும் கரையினுடையவை, கப்பல் அரசினுடையது. இரண்டும் சேர்ந்தபோது பச்சைக் குழந்தைகள் உட்பட அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள்.

அப்படியானால் எது இந்தச் சேவையைத் தின்றுகொண்டிருக்கிறது? முதலில் மண்ணெண்ணெய். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் அதில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. 25 குதிரைவலு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குப் பத்து லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். இரண்டு படகு ஆறு மணி நேரம் தேடினால் 120 லீற்றர். அந்த விலைக்கு 40,800 ரூபாய். அன்றைய உழைப்பும் போய்விடும். ஒரு நாளென்றால் ஊர் தாங்கும். மூன்றாம் நாளும் தேட வேண்டும் என்றால், தேடுகிறவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது கேள்வியாகிவிடும். அந்தக் காலத்தில், மனம் இருந்தும் எண்ணெய் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அடுத்தது ஆட்கள். கரைகளில் இன்று நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களே அதிகம் தெரிகிறார்கள். கடல் பழகிய பிள்ளைகள் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள்; போகாதவர்கள் கடலைத் தவிர வேறு வேலை தேடுகிறார்கள். பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள், அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு வாடியின் பலகைச் சுவரில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் இலக்கங்கள் நீலச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தன. எட்டு இலக்கங்களில் மூன்றின் மேல் கோடு இழுத்திருந்தது. வெளிநாடு போனவர்கள் என்றார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் புதிய இலக்கம் எதுவும் எழுதப்படவில்லை.

மூன்றாவது, காயமோ மரணமோ நேர்ந்தால் என்ன என்பது. இங்கே மற்ற நாடுகளின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவின் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் 1824இல் தொடங்கியது, இன்றும் பெரும்பாலும் மக்களின் நன்கொடையில் ஓடுகிறது. அதன் படகோட்டிகளில் மிகப் பெரும்பாலானோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். முற்காலத்தில் அவர்கள் மீனவர்கள். இன்று பத்தில் ஒருவர்தான் கடல்தொழில் தெரிந்தவர், மற்றவர்கள் ஆசிரியர், தச்சர், கடைக்காரர். மீனவர் குறைந்தபோது பயிற்சியைக் கூட்டி அந்தச் சேவை தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 19 இரவு, கோர்ன்வால் கரையில் பென்லீ நிலையத்திலிருந்து புயலுக்குள் போன படகு திரும்பவில்லை. மவுசல் என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்த எட்டுத் தொண்டர்கள் இறந்தார்கள். அவர்கள் மீட்கப்போன கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்காக நாடு முழுவதிலுமிருந்து முப்பது இலட்சம் பவுண் அளவுக்குப் பணம் குவிந்தது. அதற்கு வரி பிடிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது மக்கள் கொதித்தெழ, அரசு பின்வாங்கியது. அங்கே ஒரு நாடு தன் தொண்டர்களின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்தது. குச்சவெளியிலோ சம்பூரிலோ தேடப்போன ஒருவர் திரும்பாவிட்டால் அவருடைய குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், ஊர்ச்சங்கம் பிடிக்கிற சிறிய நிதியைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை.

கனடாவின் வழி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1978இல் தொடங்கிய அவர்களது கடலோரக் காவல் துணைப்படையில் மீனவர்களும் படகு வைத்திருப்பவர்களும் தங்கள் சொந்தப் படகோடு சேர்கிறார்கள். ஒருங்கிணைப்பு நிலையம் அழைத்து, போ என்று சொன்ன கணத்திலிருந்து எரிபொருட் செலவும் காப்புறுதியும் அரசின் பொறுப்பு. புதுப் படகு வாங்க வேண்டியதில்லை, புது நிலையம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அரசு நிற்கிறது, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குப் படகுகள் ஏராளமாக வந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படகு கொடுப்பவர்கள் எளிதில் கிடைப்பார்கள். பத்தாம் ஆண்டிலும் அதன் இயந்திரத்துக்குப் பொறிச்சொருகி (பிளக்) வாங்கிக் கொடுப்பவர் கிடைப்பதே அரிது.

நமக்கு அருகிலேயே, 2018 ஓகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் படகுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு மலையடிவார ஊர்கள் வரை போனார்கள். ஏறக்குறைய 65,000 பேரை அவர்கள் மீட்டதாக அரசே அறிவித்தது. யாரும் அவர்களைப் பயிற்றவில்லை, யாரும் கட்டளையிடவுமில்லை. பின்னர் மீனவ இளைஞர் பலரைக் கேரள அரசு கடலோரப் பொலிசுக்கு உதவும் ‘வார்டன்’களாகச் சேர்த்துக்கொண்டது. பாராட்டு விழாவோடு நிற்காமல் வேலையாகவும் கொடுத்தது அங்கே எனக்குப் பிடித்த பகுதி.

திருகோணமலைக்கு எது பொருந்தும் என்றால், கனடாவின் வழியைக் கூட்டுறவுச் சங்கத்தின் மேல் பொருத்துவதே என் எண்ணம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. படகின் பதிவும் ஆட்களின் பெயரும் அங்கே உண்டு. ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு படகு, எட்டுப் பேர் எனப் பதிந்து, அவர்களைக் கடலோரப் பாதுகாப்புத் திணைக்களம் ஏற்றுக்கொள்ளட்டும். நீர்புகாக் கைவானொலி ஒன்று, அனுமதிப்பத்திரத்தோடு, அந்த இரண்டு படகுக்கு மட்டும் போதும். மற்ற எல்லாப் படகிலும் ஆளுக்கொரு மிதப்பு அங்கி. அங்கி வெயிலில் வேகிறது, வலை இழுக்க இடைஞ்சல் என்று தொழிலாளர் சொல்வது உண்மை. அப்படியானால் இழுக்கையில் இடைஞ்சல் இல்லாத ஒன்றை வடிவமைத்துக் கொடுப்பது கொடுக்கிறவரின் கடமை. இடுப்பில் கட்டி, தேவைப்படும்போது காற்று நிரம்புகிற வகைகள் உலகில் வந்து நெடுநாளாகிறது.

பயிற்சி என்றதும் நீச்சலை நினைப்பார்கள். நீச்சல் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது, கரைக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்பது. நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. அது வீணாகப் போகிற நேரம், சில வேளை வாந்தியை மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடும் ஆபத்தும் கூட. மூழ்கியவருக்கு இல்லாமல் போனது மூச்சு. முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்தி, அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். பெண்களும் கற்க வேண்டும். படகு கடலில் இருக்கும்போது கரையில் இருப்பவர்கள் அவர்கள்தான். மூழ்குகிறவரிடம் வெறுங்கையோடு நீந்திப் போகாதே, மிதக்கிற எதையாவது முன்னால் தள்ளிக்கொண்டு போ என்பதையும் சொல்ல வேண்டும். நீரில் தவிக்கிறவரின் பிடி காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழுக்கும். ஒருவருக்காகப் போய் இருவர் போன வீடுகள் நம்மிடையே உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2021இல் மட்டும் உலகில் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஐக்கிய நாடுகள் சபை யூலை 25ஐ இதற்கான நாளாக அறிவித்திருக்கிறது. நம் மாவட்டத்தில் அந்த நாள் கடல் அமைதியான பருவத்தில், கடற்கரைகளில் கூட்டம் நிறைந்திருக்கும்போது வருகிறது. உப்புவெளிக் கரையில் பயிற்சி தொடங்க அதைவிடப் பொருத்தமான நாள் தேட வேண்டியதில்லை. அங்கே விடுதி நடத்துகிறவர்கள் தங்கள் விருந்தினருக்காகவேனும் செலவில் பங்கெடுக்கலாம். அவர்களின் விருந்தினர் தவறினாலும் ஓடிப் போகிறவர் பக்கத்து வாடிக்காரர்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. சட்டம், காப்புறுதி, அனுமதிப்பத்திரம் எல்லாம் கொழும்பில் நகர வேண்டியவை. அவற்றுக்குக் காலம் எடுக்கும், மாவட்டச் செயலகமும் மக்கள் பிரதிநிதிகளும் விடாமல் தட்ட வேண்டும். எண்ணெய்க்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. கரைக்கு ஒரு பீப்பாய், 200 லீற்றர், முத்திரை வைத்து, தேடுதலுக்கு மட்டும் என்று எழுதிப் பூட்டிவைத்தால் போதும். 2022ஆம் ஆண்டு விலைக்கே போட்டாலும் 68,000 ரூபாய். புலம்பெயர்ந்து வாழும் ஊர்ச்சங்கம் ஒன்றுக்கு இது ஒரு மாலைநேரக் கூட்டத்தில் சேர்கிற பணம். எடுத்தால் எழுதிவைக்க ஒரு கொப்பி, மாதம் ஒருமுறை பார்வையிட இருவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் தொழிலுக்கு விற்றுப் புதியதை நிரப்புகிற ஒழுங்கு. சாவி சங்கத் தலைவரிடம் இருப்பதா, செயலாளரிடம் இருப்பதா என்பதில் ஊருக்குள் பேச்சு வரும். பதவியைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துக் கொடுங்கள். கரையை ஒட்டிய வீடாக இருக்கட்டும், இரவு இரண்டு மணிக்குத் தட்டினாலும் ஏன் என்று கேட்காமல் கதவு திறக்கிற வீடாக இருக்கட்டும். வாடைக்காற்று தொடங்கும் முன் அந்த வீடு எது என்று ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.